பெயிண்ட்ல கை வைக்காதீங்க, முதல்ல காலிபர் வாங்குங்க

வாசகர் கடிதம்:

அண்ணா வணக்கம். நான் துலூஸ்ல இருக்கேன். போன மாசம் இங்க ஒரு பழைய சாமான் சந்தைல வெள்ளை பெஜோ ரேஸ் சைக்கிள் ஒண்ணு சல்லிசா கிடைச்சுது. பீஎக்ஸ்-10, எழுபதுகள்ல வந்ததுன்னு சொல்லித்தான் வித்தாரு. பெயிண்ட் அங்கங்க உதிர்ந்திருக்கு, குரோம்ல துரு. எல்லாத்தையும் சுரண்டி பவுடர் கோட்டிங் போட்டு ஷிமானோ செட் மாட்டிடலாம்னு இருக்கேன். ஆனா சைக்கிள் கடைல கேட்டா "இது பிரெஞ்சு மரை, எதுவும் சேராது, வித்துடு"ங்கறாங்க. இது நிஜமாவே பீஎக்ஸ்-10 தானா? வச்சுக்கட்டுமா, தள்ளி விட்டுடட்டுமா? (பேர் போட வேண்டாம்.)

பதில்:

தம்பி, கடைக்காரர் சொன்னது பாதி நிஜம். மரை பிரெஞ்சு மரைதான், ஆனா எதுவும் சேராதுங்கறது சும்மா. சேராத இடம் ஒரு அஞ்சாறு இருக்கும், அது எதெதுன்னு தெரிஞ்சா போதும்.

முதல்ல அது பீஎக்ஸ்-10 தானான்னு பாப்போம். ஸ்டிக்கரை நம்பாதீங்க, பெஜோல சாதா மாடலும் தூரத்துல இருந்து பாத்தா அதே வெள்ளை, அதே கட்டம் போட்ட டிசைன்தான். சீட்டை கழட்டி, அதுக்கு அடில ஃப்ரேமுக்குள்ள இறங்கற குழாயை, அதான் சீட் போஸ்ட், காலிபர்ல (மில்லி கணக்கா அளக்கற கருவி) அளங்க. 26.4 மில்லி வந்தா ரெனால்ட்ஸ் 531ங்கற உசத்தி ஸ்டீல் ட்யூபா, அதாவது பீஎக்ஸ்-10ஆ இருக்க நல்ல சான்ஸ் இருக்கு. 24 பக்கத்துல வந்தா பெஜோவோட யூஓ-8 மாடல் மாதிரி சாதா ஸ்டீல். காரணம் சிம்பிள்: வெளி அளவு ரெண்டுக்கும் 28 மில்லிதான், 531 சுவர் மெலிசு அதனால உள்ள இடம் ஜாஸ்தி, சாதா ட்யூப்ல சுவரே ரெண்டு மில்லி கிட்ட தின்னுடும். அப்புறம் ட்யூப்கள் சேர்ற இடத்துல இருக்கற உறையை, அதான் லக், பாருங்க, நெர்வெக்ஸ் ப்ரொஃபெஷனல்ங்கற வகைன்னா ஓரமெல்லாம் கோலம் போட்ட மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும், அறுபது எழுபதுகள்ல வந்த வெள்ளை பீஎக்ஸ்-10ல அந்த லக்குக்கு கருப்பு அடிச்சிருப்பாங்க. பிரேக் மஃபாக், கியர் சிம்ப்ளெக்ஸ், கிராங்கு (பெடல் மாட்டற கை) ஸ்ட்ராங்லைட் இருந்தா சந்தேகமே வேணாம்.

இந்த மரை விவகாரம் ஏன் வந்துச்சுன்னா, அந்த காலத்து பிரான்ஸ்ல சைக்கிளுக்கு வேண்டிய எல்லாமே உள்ளூர்லயே கிடைச்சுது, டிஜோன்ல சிம்ப்ளெக்ஸ், கிளெர்மோன் ஃபெரான்ல மஃபாக், செயின்ட் எத்தியென்ல ஸ்ட்ராங்லைட், லியோத்தார் பெடல், யாருக்கும் வெளிநாட்டு அளவை பத்தி கவலையே இல்ல. மத்தவங்க இங்கிலீஷ் இஞ்ச்ல போட்டப்ப இவங்க சுத்தமா மில்லிமீட்டர். ஜப்பான் பார்ட்ஸ் மார்க்கெட்டை பிடிச்சதும் எண்பதுகள் தொடக்கத்துல இவங்களும் மாறிட்டாங்க. நடுவுல வந்த லட்சக்கணக்கான சைக்கிள் அப்படியே நிக்குது.

இப்ப உங்க பிரச்சினைக்கு வர்றேன். ஸ்ட்ராங்லைட் கிராங்கை கழட்ட கடைல இருக்கற 22 மில்லி புல்லரை திணிக்க விடாதீங்க. பழைய ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35 மில்லி புல்லர் வேணும், 22 போட்டா ரெண்டு மரை மேலாப்புல பிடிச்ச மாதிரி இருக்கும், ஸ்பேனரை ஒரு இழு இழுத்ததும் அலுமினிய மரை சுருள் சுருளா வந்துடும், அதோட கிராங்கு காலி.

பெடலும் அப்படித்தான். 14க்கு 1.25 மரை, அதாவது குறுக்களவு 14 மில்லி, மரைக்கு மரை 1.25 மில்லி. இங்கிலீஷ் பெடல் அதை விட ஒரு பொடி பெருசு, பலவந்தமா ஏத்தினா ஏறும், ஆனா அப்புறம் அந்த கிராங்குல பழைய பெடல் நிக்காது. இருக்கற பெடலுக்கு கிரீஸ் வச்சு ஓட்டுங்க.

அடுத்தது பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்கு சுத்தற ஆக்சிலும் அதை ரெண்டு பக்கமும் தாங்கற கப்பும். இங்கிலீஷ் ஃப்ரேம்ல வலது கப்பு இடது மரை (வலப்பக்கமா திருப்பினாதான் கழலும்), பிரெஞ்சுல ரெண்டு பக்கமும் சாதா வலது மரை. பழக்க தோஷத்துல இங்கிலீஷ் மாதிரி திருப்பினா கழட்டறோம்னு நெனச்சு இறுக்கிட்டே இருப்பீங்க. சுவிஸ் மரைன்னு ஒண்ணு இருக்கு, அளவு அதே 35க்கு 1, ஆனா வலது பக்கம் இடது மரை, மோட்டோபெக்கேன்ல வரும், அது வேற கூத்து. என் அபிப்ராயம், வலது கப்பை தொடவே தொடாதீங்க. இடது கப்பை எடுத்துட்டு ஆக்சிலை உருவி, டார்ச் அடிச்சு வலது கப்போட உள்பக்கத்தை பாருங்க, பால்ஸ் ஓடின தடம் பளபளன்னு வழுவழுப்பா இருந்தா துணியால துடைச்சு புது கால் இஞ்ச் பால்ஸ் பக்கத்துக்கு 11, நல்ல கிரீஸ், அவ்ளோதான். குழி குழியா இருந்தா மட்டும்தான் கழட்டணும். அப்பவும் ஸ்பேனர் வழுக்கும், கப்போட தட்டை பக்கத்தை பெரிய வைஸ்ல கடிக்க விட்டு ஃப்ரேமையே பிடிச்சு திருப்பணும், மேல இருந்து பாக்க இடப்பக்கமா.

பவுடர் கோட்டிங் வேண்டவே வேண்டாம். அந்த ஸ்டிக்கர் போனா அதே மாதிரி திரும்ப வராது, கெட்டியான கோட்டிங் லக் ஓரத்தையும் மொத்தையாக்கிடும். பெர்னார் தெவெனே 1975ல பெல்ஜியம் சாம்பியன் எடி மெர்க்ஸை தோற்கடிச்சு டூர் த பிரான்ஸ் ரேஸ் ஜெயிச்சது இந்த பெஜோ டீமுக்காகத்தான், மெர்க்ஸே சின்ன வயசுல இதே டீம்ல இருந்தப்பதான் 1966, 67ன்னு ரெண்டு வருஷம் மிலான்-சான் ரெமோ ரேஸ் ஜெயிச்சாரு. அந்த காலத்து பெயிண்ட் உதிர்ந்திருந்தா உதிர்ந்திருக்கட்டுமே. சமையலறை அலுமினியம் ஃபாயிலை தண்ணில நனைச்சு குரோம்ல தேய்ங்க, துரு கருப்பா கரைஞ்சு வரும். பெயிண்ட்டுக்கு மெழுகு போதும். தின்னர் பக்கத்துலயே வராதீங்க, ஸ்டிக்கர் கையோட வந்துடும்.

பழசுங்கறதுக்காக எல்லாத்தையும் வச்சுக்கணும்னு நான் சொல்லல. ஸ்டெம்ல (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோட சேர்க்கற துண்டு) ஏவிஏன்னு கம்பெனி பேர் போட்டிருந்தா அதை அலமாரில வச்சுட்டு வேற மாட்டுங்க, அடில வெட்டு இருக்கற இடத்துல விரிசல் விட்டு முறியறதுல அது பேர் போனது, இறக்கத்துல ஹேண்டில்பார் கையோட வந்தா ஒரிஜினாலிட்டிய வச்சு என்ன பண்றது? இப்ப கிடைக்கற குவில் ஸ்டெம், அதாவது ஃபோர்க் குழாய்க்குள்ள இறங்கற வகை, 22.2 மில்லி, உங்க ஃபோர்க்குக்கு 22.0, உப்புத்தாள் போட்டு சுத்தி சீரா தேய்ச்சா இறங்கிடும். சிம்ப்ளெக்ஸ் கியர்ல டெல்ரின் பிளாஸ்டிக் விரிசல் விட்டிருந்தா ஒரு பழைய ஜப்பான் சன்டூர் கியர் போடுங்க, அமெரிக்காக்காரங்க எழுபதுகள்லயே அதைத்தான் பண்ணினாங்க. மஃபாக் பிரேக்கை மட்டும் விட்டுடாதீங்க, புது கட்டை போட்டு முன் நுனி ரிம்முல முதல்ல படற மாதிரி வச்சா கத்தாது, பிரமாதமா நிக்கும்.

ரிம்முல பசை வச்சு ஒட்டற ட்யூபுலர் டயர் வேலைக்கு பொறுமை இல்லன்னா, உள்ள தனி ட்யூப் போடற சாதா டயருக்கான 700சி கிளிஞ்சர் வீல் ஒரு ஜோடி தேடுங்க, ரிம் உயரம் கிட்டத்தட்ட அதேதான், பிரேக் கட்டையை லேசா நகர்த்தினா போதும். பழைய வீலை வித்துடாதீங்க.

ரெனே ஹெர்ஸ், அலெக்ஸ் சிங்கர்னு தேடி ஓடறவங்களை பாத்து ஏங்க வேண்டாம். அதெல்லாம் பாரிஸ் பக்கத்துல லெவலுவா பெரேல ஆளுக்கு அளவெடுத்து செஞ்ச வண்டி, ஸ்டெம்ல இருந்து கேரியர் வரைக்கும் பலதும் அவங்க கைவேலை, ஒரு உருப்படி தொலைஞ்சா அதுக்கு மாத்து எங்க போய் தேடுவீங்க? பீஎக்ஸ்-10 ஃபேக்டரில கூட்டம் கூட்டமா வந்த வண்டி, அதனாலதான் சந்தைல இன்னும் பார்ட்ஸ் சிக்குது.

வித்துடாதீங்க. சீட் போஸ்ட் அளவு, ஸ்டெம்ல இருக்கற பேரு, கிராங்கு போட்டோ மூணையும் அனுப்புங்க, பாத்துட்டு எந்த புல்லர் வாங்கணும்னு சொல்றேன். அதுவரைக்கும் கிராங்கு பக்கம் போகாதீங்க.