ராணிப்பேட்டை பின்கோடு பகா எண்ணா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம், ஊர் பின்கோடு பகா எண்ணா, அதற்கு எத்தனை காரணிகள் என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுடையது 632401. கால்குலேட்டர் கூடாதாம். 2, 3, 5 எதிலும் போகவில்லை. அடுத்து என்ன செய்வது ஐயா?
– ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: மலைக்க வேண்டாம் அம்மா. பார்க்கத்தான் பகா எண் மாதிரி முறைப்பாக நிற்கிறது. சரியான இடத்தில் தட்டினால் நாலு துண்டாக விழுந்துவிடும்.

வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்ப்பதுதான் பாடப்புத்தக வழி. 795-இன் வர்க்கம் 632025. ஆக, 795 வரை போக வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட வகுத்தல்கள்! அவ்வளவு பொறுமை எனக்கே கிடையாது.

அதற்கு முன்னால் எண்ணை நடுவில் வெட்டுங்கள்: 632, 401. கழித்தால் 231. இது 7-இல் போகும் (33 தடவை), 11-இலும் போகும் (21 தடவை), 13-இல் போகாது. 632401-க்கும் அப்படியே. எப்படி? 7 × 11 × 13 = 1001. 632-ஐ 1001-ஆல் பெருக்கினால் 632632. அது இந்த மூன்றிலும் மீதியில்லாமல் போகும். அதில் 231-ஐக் கழித்தால் உங்கள் பின்கோடு. ஆகவே 231-ஐ மட்டும் பார்த்தால் போதும்.

"231 மூன்றிலும் போகுதே?" என்று மகள் கேட்டால் தட்டிக்கொடுங்கள். 1001 மூன்றில் போகாது என்பதால் 3-க்கு இந்த வழி செல்லாது. இலக்கங்களைக் கூட்டினால் 16. அதனால் 3 இல்லை.

சரி, 7-ஆல் வகுத்தால் 90343. அதை 11-ஆல் வகுத்தால் 8213. இப்போது 795 வரை போக வேண்டியதில்லை, 90 போதும். 7, 11 மறுபடி போகவில்லை. 13 ஏற்கெனவே கழிந்தது. 17, 19, 23, 29, 31, 37, 41 எல்லாம் மீதி தரும். 43-இல் சரியாக 191 தடவை! 191-ஐத் தனியாகச் சோதிக்க வேண்டாம். 43-க்குக் கீழே எதுவும் 8213-இல் போகாதபோது 191-இலும் போகாது, அது பகா எண்தான்.

632401 = 7 × 11 × 43 × 191

ஒரு காரணியை உருவாக்க இந்த நான்கில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், விடலாம். 2 × 2 × 2 × 2, அதாவது 16 காரணிகள். எல்லாவற்றையும் விட்டால் 1, எல்லாவற்றையும் சேர்த்தால் பின்கோடே.

உறவுக்காரப் பிள்ளை யாராவது காட்பாடியில் இருந்து இதே வீட்டுப்பாடம் வந்தால்தான் பாவம். 632007-இன் இலக்கக் கூடுதல் 18, அதனால் 9-இல் போகும், மிஞ்சுவது 70223. 632-இல் 7-ஐக் கழித்தால் 625. 7, 11, 13 மூன்றும் அதில் போகாது. அப்புறம் 265 வரை ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்து, கடைசியில் 70223 பகா எண் என்று எழுத வேண்டும். மொத்தம் 6 காரணிகள்தான், ஆனால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.