பழைய ஆலை நிலம் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: நகருக்குள் உலோக முலாம் பூசும் ஆலை இருந்த நிலம் விலைக்கு வருகிறது. வாங்கி அடுக்குமாடி வீடு கட்டலாமா? மண்ணில் மாசு இருந்தால் செலவு யார் தலையில் விழும்?

பதில்: கட்டலாம். ஆனால் ஆய்வு முதலில், கிரயம் அப்புறம். இந்த வரிசை மாறினால் சட்டம் உங்களைக் காப்பாற்றாமல் போகலாம்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதுதான் பல நாடுகளின் கொள்கை. ஆனால் அந்த கம்பெனி என்றோ மூடிப்போயிருக்கும். பிரிட்டனில், மாசை உண்டாக்கியவரோ தெரிந்தே அனுமதித்தவரோ கிடைக்காவிட்டால் பொறுப்பு இன்றைய உரிமையாளர் மேல் வரலாம். மாசுபட்ட நிலங்களைச் சுத்தம் செய்வதற்கான அமெரிக்காவின் 1980 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் இன்னும் கறார். தன் கையால் ஒரு சொட்டு ரசாயனம்கூட ஊற்றாத உரிமையாளரையும் பிடிக்கும். முதலீட்டாளர்கள் பயந்துபோய் இப்படிப்பட்ட நிலங்களைத் தொடாமல் ஊருக்கு வெளியே புது மண்ணைத் தேடினார்கள். அதனால் 2002-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மாசு இருப்பது தெரிந்தே வாங்குகிறவருக்கும் பாதுகாப்பு தந்தார்கள். வாங்கும் முன் முறையான விசாரணை செய்திருக்க வேண்டும், வாங்கிய பின் மாசு பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய அறிக்கையும் செல்லாது: அதன் முக்கியப் பகுதிகள் கிரயத்துக்கு முந்தைய 180 நாட்களுக்குள் செய்தவையாக இருக்க வேண்டும்.

முதல் கட்ட ஆய்வில் மண்ணைத் தோண்ட மாட்டார்கள். பழைய வரைபடம், உரிமங்கள், வான்படங்கள், நேரடிப் பார்வை, அவ்வளவுதான். சந்தேகம் வந்தால்தான் மண், நிலத்தடி நீர் மாதிரிகள். முலாம் ஆலை என்றால் ஆறிணைதிற குரோமியத்தையும் (குரோமியத்தின் நச்சு வடிவம்), எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படுத்திய கரைப்பான்களையும் குறிப்பாகச் சோதிக்கச் சொல்லுங்கள். கரைப்பான் ஆவியாகி, தளத்தின் விரிசல் வழியே வீட்டுக்குள் ஏறும். எனவே மண்ணிடுக்குக் காற்றையும் சோதிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதை நிலத்தின் பயன்பாடுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கிடங்குக்கு மண்ணை மூடித் தளம் போட்டாலே போதுமானதாகலாம். குழந்தைகள் விளையாடும் வீட்டுமனைக்கு அது போதாது. விற்பவர் 'மேற்கொண்டு சுத்திகரிப்பு தேவையில்லை' என்ற அரசுக் கடிதத்தை நீட்டினால், எந்தப் பயன்பாட்டுக்குத் தந்தது என்று பாருங்கள். கிணறு தோண்டக் கூடாது என்பது போன்ற தடை பத்திரத்தில் ஏறியிருந்தால் உங்களையும் கட்டுப்படுத்தும்.

அரசு மானியம்? அமெரிக்காவில் அது பெரும்பாலும் உள்ளாட்சிகளுக்கும் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும்தான். தனியார் என்றால் செலவை நிலத்தின் விலையில் கழித்துப் பேசுங்கள். மண் சோதனைக்கே விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அந்த நிலம் வேண்டாம்.