வெயிட்டேஜை விடுங்கள், விடைக்குறிப்பைப் பிடியுங்கள்

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வயது 39. 2013-ல் நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வில் 150-க்கு 98 மதிப்பெண் எடுத்தேன். என்னோடு பி.எட். படித்த தோழி 85 தான் எடுத்தார். தகுதித் தேர்வோடு பிளஸ் 2, பட்டம், பி.எட். மதிப்பெண்களையும் சேர்த்துக் கூட்டும் வெயிட்டேஜ் கணக்கில் அவருக்கு அரசு வேலை கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. இருவரின் மதிப்பெண்களையும் இணைத்திருக்கிறேன். இப்போது பட்டதாரி ஆசிரியர் போட்டித் தேர்வு எழுதி, கட் ஆஃபுக்கு ஒரு மதிப்பெண் குறைவாக நிற்கிறேன். இறுதி விடைக்குறிப்பில் மூன்று கேள்விகளுக்குத் தவறான விடை உள்ளது. ஒன்றுக்கு மட்டும் ஆட்சேபனை கொடுத்திருந்தேன். பழைய வெயிட்டேஜ் அநியாயம், இந்த விடைக்குறிப்பு இரண்டையும் சேர்த்து வழக்குப் போடலாமா? சான்றிதழ் சரிபார்ப்பு விரைவில் தொடங்கப்போகிறது.

பதில்: சேர்த்துப் போடாதீர்கள், சகோதரி. முதலாவது முடிந்துபோன வழக்கு. இரண்டாவதில்தான் உயிர் இருக்கிறது. இரண்டையும் ஒரே மனுவில் கட்டினால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

உங்கள் ஆதங்கம் நியாயமானது. அனுப்பிய மதிப்பெண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2014 மே மாத அரசாணை 71-இன்படி தகுதித் தேர்வுக்கு 60, பிளஸ் 2-க்கு 10, பட்டப் படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15. தகுதித் தேர்வில் உங்களுக்கு 39.2, தோழிக்கு 34. அதாவது 5.2 முன்னிலை. ஆனால் பிளஸ் 2-வில் உங்களுக்கு 58 விழுக்காடு, அவருக்கு 82. பட்டத்தில் 56-க்கு 78, பி.எட்.டில் 72-க்கு 84. கூட்டினால் உங்களுக்கு 64.2, அவருக்கு 66.5. பதினேழு வயதில் எழுதிய தேர்வு, ஆசிரியர் வேலைக்கென்றே எழுதிய தேர்வின் முன்னிலையைத் தின்றுவிட்டது. கிராமத்துப் பள்ளியில் படித்தவர்களையும், மதிப்பெண் தாராளமாகக் கிடைக்காத காலத்தில் படித்தவர்களையும் இந்த முறை அதிகம் பாதித்தது என்பதே என் கருத்து.

ஆனால் நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய வெயிட்டேஜ் முறையில் 60 விழுக்காடு எடுத்தவருக்கும் 69 எடுத்தவருக்கும் ஒரே புள்ளி. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2014 ஏப்ரலில் ரத்து செய்தது. அதன் பிறகு வந்ததுதான் அரசாணை 71. இதையும், தகுதித் தேர்வில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு சலுகை கொடுத்த அரசாணை 25-ஐயும் எதிர்த்துப் பலர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். லாவண்யா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2016 நவம்பர் 9 அன்று இரண்டு அரசாணைகளும் செல்லும் என்று தீர்ப்பானது. அப்புறம் 2018-ல் அரசாணை 149 வந்து, தகுதித் தேர்வு வெறும் தகுதிக்கு மட்டும், வேலைக்குத் தனிப் போட்டித் தேர்வு என்றாகிவிட்டது. தகுதித் தேர்வில் தேறியதாலேயே வேலைக்கு உரிமை வராது என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2011 வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்று 2021-ல் மாற்றினார்கள். அது தேர்வு எழுதும் தகுதியைக் காப்பாற்றுகிறது, பணி நியமன உரிமையைத் தரவில்லை.

சரி, விடைக்குறிப்புக்கு வருவோம். விடைக்குறிப்பு சரியானது என்றுதான் நீதிமன்றம் தொடங்கும். தவறு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. கான்பூர் பல்கலைக்கழக வழக்கிலிருந்து (1983) இதுதான் நிலை. ரண் விஜய் சிங் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் இன்னும் கறாராகச் சொன்னது: நீண்ட வாதம் செய்து, அனுமானித்து நிறுவ வேண்டிய தவறு போதாது, பார்த்தவுடன் தெரிய வேண்டும். சந்தேகம் இருந்தால் அதன் பலன் தேர்வு நடத்தியவர்களுக்கே.

இந்த உரைகல்லில் உங்கள் மூன்று கேள்விகளையும் உரசிப் பார்த்தேன். மூன்றாவதற்கு உங்கள் பேராசிரியரின் கடிதத்தை வைத்திருக்கிறீர்கள். அவர் ஒன்று சொல்வார், தேர்வு நடத்தியவர்களின் வல்லுநர் குழு வேறொன்று சொல்லும், நீதிபதி வல்லுநர் பக்கம்தான் நிற்பார். விட்டுவிடுங்கள். இரண்டாவதில் தமிழ் வினாவும் ஆங்கில வினாவும் வேறுபடுகின்றன. வினாத்தாளின் முதல் பக்கத்தைப் பாருங்கள். ஆங்கில வடிவமே இறுதி என்று அச்சிட்டிருந்தால் அதுவும் நிற்காது. முதல் கேள்விதான் உங்கள் பலம். பத்தாம் வகுப்பு அரசுப் பாடநூலில் அந்த விடை நேரடியாக ஒரே வரியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலைக் காலக்கெடுவுக்குள் ஆட்சேபனையோடு இணைத்து, ஒப்புகையையும் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். அரசே அச்சிட்ட புத்தகத்தை அரசு வேலைக்கான தேர்வில் தவறு என்று சொல்வது அவர்களுக்குச் சிரமம். மனு இந்த ஒரு கேள்வியின் மேல் மட்டும் நிற்கட்டும்.

ஒரு மதிப்பெண் கூடினால் வேலை வந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதே விடையைக் குறித்த எல்லோருக்கும் கூடும், கட் ஆஃபும் ஏறலாம். பீகார் பொறியாளர் தேர்வு வழக்கில் (ராஜேஷ் குமார், 2013) விடைக்குறிப்பு தவறு என்று கண்டதும், திருத்திய குறிப்பின்படி எல்லா விடைத்தாள்களையும் மறுமதிப்பீடு செய்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏற்கெனவே வேலையில் சேர்ந்தவர்களை வெளியே அனுப்பவில்லை. ஆகவே உங்கள் இனச்சுழற்சியில் (இடஒதுக்கீட்டு வரிசையில்) உங்களுக்கு மேலே எத்தனை பேர் என்று பட்டியலை எண்ணிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மனுவை அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாகத் தேர்வான ஒருவரையாவது எதிர்மனுதாரராகச் சேருங்கள். பாதிக்கப்படக்கூடியவரைச் சேர்க்காத மனு நிலைக்காது என்று 1984-லேயே பிரபோத் வர்மா வழக்கில் சொல்லிவிட்டார்கள். மொத்தத் தேர்வுக்கும் ஸ்டே கேட்காதீர்கள். ஆயிரக்கணக்கானவர்களின் நியமனத்தை நிறுத்த நீதிபதிக்கு மனம் வராது. உங்கள் பாடத்தில், உங்கள் பிரிவில் ஒரே ஒரு இடத்தைக் காலியாக வைத்திருக்கும்படி இடைக்கால உத்தரவு கேளுங்கள். அது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

விடைத்தாள் நகல் கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி இன்றே விண்ணப்பியுங்கள். பதில் வர 30 நாள் ஆகலாம். அதற்காக மனுவை நிறுத்தி வைக்க வேண்டாம். நியமன ஆணை எல்லோர் கைக்கும் போன பிறகு வந்தால், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

செலவுக்கு யோசிக்கிறீர்கள் என்று கடிதத்தின் கடைசி வரியில் தெரிகிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு அலுவலகம் இருக்கிறது. ஹால் டிக்கெட், வினாத்தாள், தற்காலிக, இறுதி விடைக்குறிப்புகள் இரண்டும், ஆட்சேபனை ஒப்புகை, பாடநூலின் அந்தப் பக்கம், தேர்வுப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, சான்றிதழ் சரிபார்ப்பு தொடங்கும் முன்பே போய்ப் பாருங்கள்.