பேஃபிள் என்பதும் கன்ஃப்யூஸ் என்பதும் ஒன்றா?

'பேஃபிள்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள், 'கன்ஃப்யூஸ்' இருக்கும்போது அது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் குமரி மாவட்டத்தில் ஒரு கொல்லங்கோடு உண்டு, பாலக்காட்டுப் பக்கம் இன்னொன்று. அதை நினைத்து இதற்கு வண்டி ஏறினால் அது கன்ஃப்யூஸ். இரண்டையும் பிரித்துக் காட்டினால் தீர்ந்தது.

பேஃபிள் வேறு சங்கதி. எங்கள் கடற்கரை ஊர்களில் காற்று, மழை எதுவும் இல்லாத நாளில் திடீரெனக் கடல் ஏறி வீட்டு வாசலுக்கே வந்துவிடும். காலமெல்லாம் கடலில் கிடந்தவருக்கும் பிடிபடாது. திருடன் மாதிரி வருவதால் கள்ளக்கடல் என்று பேர். (2012இல் யுனெஸ்கோவே இந்தப் பேரை ஏற்றுக்கொண்டது. தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் புயல் எழுப்பும் நெடிய அலைகள்தான் காரணம். இப்போது ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கிறது.) விவரம் தெரிந்தவரையே அப்படித் திணற வைப்பதுதான் பேஃபிள். ஆங்கிலச் செய்திகளில் டாக்டர்களும் போலீசும் விஞ்ஞானிகளுமே அடிக்கடி 'பேஃபிள்ட்' ஆவதைக் கவனித்திருப்பீர்கள்.

நாம் வழுக்குவது இலக்கணத்தில். தமிழில் 'எனக்குப் புரியவில்லை' என்போம். ஆங்கிலத்தில் புதிர்தான் எழுவாய், நாம் செயப்படுபொருள்: 'இட் பேஃபிள்ஸ் மீ'. நம்மிலிருந்து தொடங்கினால் 'ஐ ஆம் பேஃபிள்ட்'. கல்லூரியில் ஒரு செமினாரில் நான் எழுந்து நின்று 'ஐ ஆம் பேஃபிளிங்' என்றேன். 'ஆமாடே, எங்களுக்கும் அப்படித்தான் இருக்கு' என்றார் சார். மற்றவர்களைத் திகைக்க வைக்கும் ஆள் நான் என்று நானே அறிவித்திருக்கிறேன்!

அப்புறம், டேங்கர் லாரித் தொட்டிக்குள் எண்ணெய் அலம்பாமல் இருக்கக் குறுக்கே வைக்கும் தகட்டுக்கும் பேஃபிள் என்றுதான் பேர். 'தடுத்து முறியடி' என்றும் இந்த வினைக்குப் பொருள் உண்டு, அதிலிருந்து வந்தது. இன்னும் பின்னே போனால், 16ஆம் நூற்றாண்டில் வாக்குத் தவறிய வீரனை ஊரறிய மானங்கெடுப்பதைத்தான் பேஃபிள் என்றார்கள். அந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டது என்கின்றன அகராதிகள். செமினாரில் எனக்கு நடந்தது என்னவோ அதுதான்.