வீடு தேடிச் செல்லும் ஃபேஷியல் பணிக்கு எவற்றை வாங்கலாம்?

சகோதரி, காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை ஸ்கூட்டரிலேயே சென்று ஃபேஷியல் செய்யவிருப்பதாகவும், மடக்குக் கட்டிலும் முகத்துக்கு ஆவி பிடிக்கும் பெரிய ஸ்டீமரும் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

கட்டில் இப்போது வேண்டாம். அலுமினியச் சட்டம் கொண்டதுகூடப் பெரும்பாலும் பத்து கிலோவைத் தாண்டும் என்பதால், ஸ்கூட்டரில் அதைக் கட்டிச் செல்வது ஆபத்தானது. வாடிக்கையாளர் வீட்டுச் சாய்வு நாற்காலியே போதும். ஸ்டீமரிலும் சிறியதையே தேர்ந்தெடுங்கள். பெரியவை ஏறத்தாழ 700 வாட் இழுப்பதால், மின்தடையின்போது வீட்டு இன்வெர்ட்டர் தாங்குவது கடினம். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீரையே (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்றுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்துவது தூய்மையைத்தான். கிருமி நீக்கப் பயன்படுத்தும் புற ஊதாப் பெட்டியின் ஒளி, படும் பரப்பில் மட்டுமே வேலை செய்யும் என்பதால் அதை நம்பாமல், கரும்புள்ளி எடுக்கும் கருவிகளைச் சோப்பு நீரில் கழுவி, தனித்தனி உறையிட்டு, சிறிய ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலம்) 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து எடுத்துச் செல்லுங்கள். கட்டிலுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குச் செலவிடுங்கள்.