காரணி அடிபட்டாலும் விலக்கு நீங்காது – கணக்குக் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். √3·x² + x பல்லுறுப்புக் கோவையாம்; 3√x + 1 அப்படி இல்லையாம். இரண்டிலும் வர்க்கமூலம் இருக்கிறதே?
– ஒரு தாய், தக்கலை

பதில்: மகள் சொல்வது சரிதான் அம்மா. வர்க்கமூலம் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். பல்லுறுப்புக் கோவையில் மாறியின் அடுக்கு 0, 1, 2, 3 என்று முழு எண்ணாக மட்டுமே வரலாம். கெழுவுக்கு, அதாவது மாறியைப் பெருக்கும் எண்ணுக்கு, அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எந்த மெய்யெண்ணும் கெழுவாகலாம். √3 வெறும் கெழு, அதனால் தடையில்லை. √x என்றால் x-இன் அடுக்கு அரை, அது ஆகாது. 1/x-இல் அடுக்கு −1, அதுவும் ஆகாது.

கோவையின் மிகப் பெரிய அடுக்கே அதன் படி. விரித்துச் சுருக்கிய பிறகுதான் படியைச் சொல்ல வேண்டும். (x² + 1)² − x⁴ பார்வைக்கு நான்காம் படி. விரித்தால் 2x² + 1, படி 2. ஒரு மதிப்பெண் வினாவில் வழக்கமாகக் காலை வாருவது இன்னொன்று: 7 என்ற மாறிலியின் படி 0, ஆனால் வெறும் 0 என்ற கோவைக்குப் படி வரையறுக்கப்படவில்லை.

கேள்வி: 2x³ − 5x + 6-ஐ x + 2 ஆல் தொகுமுறை வகுத்தலில் (கெழுக்களை மட்டும் எழுதி வகுக்கும் முறை) வகுத்தேன். மீதி 24 வந்தது. நண்பனுக்கு 12. விடைப் பட்டியலில் 0 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா சார்?
– பதினோராம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்

பதில்: பட்டியல் சரி. நீங்கள் இருவரும் ஆளுக்கொரு பிழை செய்திருக்கிறீர்கள். கோவையில் x² உறுப்பு இல்லை. அந்த இடத்தில் 0 எழுதியாக வேண்டும். நீங்கள் 2, −5, 6 என்று மூன்று கெழுக்களை மட்டும் வைத்துக்கொண்டு −2 ஆல் பெருக்கிக் கூட்டியதால் 24. நண்பர் நான்கு கெழுக்களையும் எழுதிவிட்டு, −2 போட வேண்டிய இடத்தில் +2 போட்டிருக்கிறார். அப்படிச் செய்தால்தான் 12 வரும். x + 2 = 0 என்றால் x = −2; ஓரத்தில் எழுத வேண்டியது இந்த மதிப்பை.

சரியான வரிசை: 2, 0, −5, 6. முதலில் 2 கீழே இறங்கும். பிறகு 0 − 4 = −4; −5 + 8 = 3; 6 − 6 = 0. ஈவு 2x² − 4x + 3, மீதி 0. மீதி 0 என்றால் வகுத்தி ஒரு காரணி என்பது காரணித் தேற்றம்; ஆகவே x + 2 ஒரு காரணி. சரிபார்க்க அரை நிமிடம் போதும்: x = −2 என்று போட்டால் −16 + 10 + 6 = 0. இப்படிப் போட்டுக் கிடைக்கும் மதிப்பே மீதி என்ற மீதித் தேற்றம் கையில் இருக்கும்போது அச்சுப் பிழையா என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

இன்னொரு பள்ளமும் உண்டு. வகுத்தி 2x − 1 என்றால் ஓரத்தில் ½ எழுதுவோம். கடைசியில் கிடைக்கும் ஈவை 2 ஆல் வகுக்க வேண்டும். மீதியைத் தொடக் கூடாது.

கேள்வி: (x² − 5x + 6)/(x² − 9)-இல் பொதுக் காரணியை அடித்தால் (x − 2)/(x + 3). இதில் x = 3 போட்டால் 1/6 வருகிறது. பிறகு ஏன் 3-ஐயும் விலக்கச் சொல்கிறார்கள்?
– டியூஷன் ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: சார்பகத்தை, அதாவது x எந்த மதிப்புகளை ஏற்கலாம் என்பதை, கொடுக்கப்பட்ட வடிவத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், சுருக்கிய வடிவத்தைப் பார்த்து அல்ல. மூலச் சார்பில் x = 3 போட்டால் 0/0; அங்கே மதிப்பே கிடையாது. (x − 3)-ஐ மேலும் கீழும் அடித்தபோது அது பூச்சியம் இல்லை என்ற நிபந்தனையின் பேரில்தான் அடித்தோம். எனவே விலக்கப்பட்ட மதிப்புகள் 3, −3 இரண்டும். முதலில் பகுதியை (கீழே உள்ளதை) காரணிப்படுத்தி இந்த இரண்டையும் எழுதிவிட்டு, அப்புறம் அடிக்கச் சொல்லுங்கள். அடித்த பிறகு தேடினால் 3 கண்ணிலேயே படாது.

இரண்டும் விலக்கப்பட்டவை என்றாலும் வரைபடத்தில் நடப்பது வேறு வேறு. x = 3-இல் வளைவரையில் ஒரே ஒரு புள்ளி மட்டும் இல்லை: (3, 1/6) என்ற இடத்தில் ஓட்டை. 2.99-இல் மதிப்பு சுமார் 0.165, 3.01-இல் 0.168, இருபுறமும் அமைதிதான். x = −3-இல் கதையே வேறு. −3.01-இல் மதிப்பு 501, −2.99-இல் −499. அங்கே செங்குத்துத் தொலைத்தொடுகோடு, அதாவது வளைவரை மேலும் மேலும் நெருங்கிச் செல்லும் கோடு. சுருக்கிய பின்னும் பகுதியில் மிஞ்சும் காரணிதான் அதைத் தரும். அந்தக் காரணியின் அடுக்கு ஒற்றைப்படை என்றால், இங்கே போல, ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் ஓடும். இரட்டைப்படை என்றால் இரு பக்கமும் ஒரே திசை.

கிடைமட்டத் தொலைத்தொடுகோட்டுக்குப் படிகளை ஒப்பிட்டால் போதும். தொகுதியின் (மேலே உள்ளதன்) படி சிறியது என்றால் கோடு y = 0; சமம் என்றால் முதன்மைக் கெழுக்களின் விகிதம், இங்கே y = 1. தொகுதியின் படி ஒன்று கூடினால் சாய்ந்த கோடு: (x² + 1)/(x − 1)-ஐ வகுத்தால் x + 1 + 2/(x − 1), எனவே கோடு y = x + 1.

“தொலைத்தொடுகோட்டை வளைவரை வெட்டவே வெட்டாது” என்று மனப்பாடம் செய்ய வைப்பதை மட்டும் நிறுத்திவிடலாம். செங்குத்துக் கோட்டுக்கு அது சரி. x/(x² + 1) தன் கிடைமட்டக் கோடான y = 0-ஐ x = 0-இல் வெட்டிக்கொண்டுதான் போகிறது.

கேள்வி: ரப்பர் ஷீட் போடும்போது 10 லிட்டர் பாலில் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் பாலில் உள்ள ரப்பர் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகிறது. அப்படியானால் 12½-க்கு இறக்க இன்னும் ஒன்றரை, இரண்டு லிட்டர் போதாதா?
– சிறு தோட்டக்காரர், குலசேகரம்

பதில்: போதாது; இன்னும் 4 லிட்டர் வேண்டும். 10 லிட்டருக்கு 15 புள்ளி இறங்கியது என்றால் லிட்டருக்கு ஒன்றரை என்று நேர்கோட்டுக் கணக்குப் போட்டுவிட்டீர்கள். இது விகிதமுறு சார்பு, அதாவது ஒரு கோவையை இன்னொன்றால் வகுத்தது. பாலும் தண்ணீரும் லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரே எடை என்று கொண்டால், 10 லிட்டரில் உலர்ந்த ரப்பர் 3 கிலோ. x லிட்டர் தண்ணீர் சேர்த்தால் சதவீதம் 300/(10 + x). முதல் லிட்டரிலேயே 30 என்பது 27.3-க்கு வந்துவிடும். 10 லிட்டரில் 15. 20 லிட்டரில் 10. முதல் பத்து லிட்டர் 15 புள்ளி இறக்கியது. அடுத்த பத்து 5 புள்ளிதான். 12.5 வேண்டுமென்றால் 10 + x = 24, x = 14.

எவ்வளவு ஊற்றினாலும் சதவீதம் பூச்சியத்தைத் தொடாது; கிடைமட்டத் தொலைத்தொடுகோடு y = 0 என்பதன் பொருள் இதுதான். x = −10-இல் செங்குத்துக் கோடு ஒன்று இருந்தாலும் ஊற்றிய தண்ணீர் குறை எண்ணாக முடியாது, அதை விட்டுவிடலாம்.

தொடக்க எண்ணை மட்டும் ஊகிக்காதீர்கள். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் பால் மாறும். பாலில் உள்ள ரப்பர் அளவைக் காட்டும் மெட்ரோலாக் கருவி 36 என்று காட்டினால் 360 ÷ 12.5 = 28.8; தண்ணீர் 18.8 லிட்டர். பழக்கத்தில் 14 ஊற்றினால் 15 சதவீதத்திலேயே நின்று, உறைந்த கட்டி இறுகி, மெஷினில் அடிக்கச் சிரமமாகும்.

கேள்வி: எங்கள் ஊர்க் காற்றாலைக்கும் பல்லுறுப்புக் கோவைக்கும் தொடர்பு உண்டாமே?
– ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: உண்டு. காற்றில் உள்ள திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது; படி 3. வேகம் நொடிக்கு 5 மீட்டரிலிருந்து 10 ஆனால் திறன் 8 மடங்கு. ஆனால் அந்தக் கோவையை எல்லா வேகத்துக்கும் நீட்டக் கூடாது. ஓர் அளவுக்கு மேல் இயந்திரமே உற்பத்தியை மட்டுப்படுத்திச் சமமாக வைத்துக்கொள்ளும். புயல் வேகத்தில் நின்றுவிடும். மும்மடிக் கணக்கு இடைப்பட்ட வேகங்களுக்கு மட்டும்தான்.