மழையே இல்லை, பிள்ளைகளின் விமானப் பயணத்தை ஏன் ரத்து செய்கிறார்கள்?

அமெரிக்காவில் 1992 முதல் 'யங் ஈகிள்ஸ்' என்ற திட்டம் நடக்கிறது. 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளைத் தன்னார்வ விமானிகள் சிறிய விமானங்களில் இலவசமாக வானில் அழைத்துப் போவார்கள்.

இந்தப் பயணங்கள் பொதுவாக 'வி.எஃப்.ஆர்.' விதிப்படி நடப்பவை. விமானி வெளியே கண்ணால் பார்த்தே ஓட்டவேண்டும் என்பதுதான் அதன் பொருள். மேகத்துக்குள் புகுந்தால் அடிவானம் மறைந்துவிடும். விமானம் ஒருபக்கம் சாய்ந்துகொண்டே போகும், உள்காதோ நேராகத்தான் போகிறோம் என்று சொல்லும். உயிர்களைப் பறித்த ஏமாற்று இது. அதனால்தான் பொதுவாக 3 மைல் (சுமார் 5 கி.மீ.) தூரமாவது தெளிவாகத் தெரியவேண்டும், மேகத்துக்கு 500 அடியாவது கீழே பறக்கவேண்டும் என்கிறார்கள். மேகம் தாழ்ந்தால் மழை இல்லாமலே அன்றைய பயணம் ரத்துதான்.

காற்றும் அப்படியே. லாரி உரசிப் போனால் பேருந்து அசையாது, சைக்கிள் ஆடிவிடும். நாலு பேர் அமரும் செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஆட்களோடு சேர்த்தே ஒரு டன்னுக்குச் சற்று மேல்தான். காற்றின் போக்கைக் காட்டக் கம்பத்தில் கட்டிய துணிப்பை ஓடுபாதைக்குக் குறுக்கே விறைத்து நின்றால் விமானி சாவியைப் பைக்குள் போட்டுவிடுவார்.

"பெரிய விமானங்கள் மட்டும் பறக்கின்றனவே" என்று பெற்றோர் கேட்பதுண்டு. அவை கருவிகளைப் பார்த்து ஓட்டும் வேறு விதிப்படி பறப்பவை.